மென்பொருளும் சுவைபார்க்கும் அளவும்

பண்டத்தின் தன்மையை அறிந்த பின்னரே விலை கொடுத்தல் மக்களின் இயல்பு. மாம்பழம் விற்பவன் ஒரு கீற்றை அறுத்துக் கொடுக்கிறான். வாங்க வந்தவன் சுவைத்துப் பார்க்கிறான். கீற்று தீர்ந்துவிடுகிறது, எஞ்சிய பழம் விற்பவனிடமே இருக்கிறது. ஆனால், கணினிக்குரிய மென்பொருளின் நிலை வேறு. சோதிப்பவன் கைக்கு முழுப் பழமுமே வந்து சேர்கிறது. எத்தனை முறை உண்டாலும் அது குறைவதில்லை. ஆதலின், பதிவுக் கட்டணம் செலுத்துமுன் அதனை எவ்வளவு காலம் பயன்படுத்த விடலாம் என்னும் வினா எழுகின்றது.

இம்முறையின் முன்னோடிகள் நம்பிக்கையையே வேலியாகக் கொண்டனர். 1982ஆம் ஆண்டில் அமெரிக்கரான அன்ட்ரூ ஃபுளூகல்மன், ஜிம் நோப் ஆகிய இருவரும் தத்தம் மென்பொருளைப் பிறர் படியெடுத்துக்கொள்ள அனுமதித்து, பயன் கண்டோர் சிறு தொகை அனுப்புமாறு வேண்டினர். அடுத்த ஆண்டில் பொப் வொலஸ் என்பவர் ‘பீசி ரைட்’ என்னும் எழுத்துப்பணி மென்பொருளை வெளியிட்டார். வட்டின் விலை 10 டொலர். பதிவுக் கட்டணம் 75 டொலர். பதிந்தவர் தம் படியைப் பிறருக்கு வழங்க, அவரும் பதிந்துகொண்டால், வழங்கியவருக்கு 25 டொலர் கிடைத்தது.

எனினும், பயன்படுத்துவோர் எல்லோரும் பணம் அனுப்புவதில்லை. மென்பொருள் ஆக்கியோனுக்கும் குடும்பம் உண்டன்றோ? ஆகவே எல்லைகள் தோன்றின. சில மென்பொருள்கள் குறித்த நாள்களின்பின் நின்றுவிடும். சில, முக்கியமான வசதிகளைப் பூட்டிவைக்கும். 1993இல் வெளிவந்த ‘டூம்’ என்னும் விளையாட்டு, மூன்று பாகங்களுள் முதலாவதை மட்டும் இலவசமாக வழங்கியது. ‘வின்றார்’ என்னும் மென்பொருளோ 40 நாள் தவணை கடந்த பின்னரும் இயங்கி, கட்டணத்தை நினைவூட்டுவதோடு அமைகின்றது.

எல்லை வகுத்தல் ஆக்கியோனின் உரிமை. அதனை நேர்மையாக வகுத்தல் அவன் கடமை. கணக்கெழுதும் மென்பொருள் ஒன்றைச் சிறு வணிகர் ஒருவர் சோதிக்கிறார் என்று கொள்வோம். பதினைந்து நாளே தவணையெனின், மாத முடிவில் அது கணக்கை எவ்வாறு முடிக்கும் என்பதை அவர் அறியவே இயலாது. நிறுவிய மறுநாள் அவர் நோயுற்றுப் படுத்தாலோ, நாட்காட்டி காத்திருப்பதில்லை. பயன்படுத்திய நாள்களை மட்டும் எண்ணுவதே முறை. கணினியின் திகதியைப் பின்தள்ளித் தவணையை நீட்டும் தந்திரமும் அவ்வெண்ணிக்கையிடம் எளிதிற் பலிக்காது.

இவை யாவற்றினும் பெரியது ஒன்றுண்டு. தவணை முடிந்த அன்று, வணிகர் எழுதிய கணக்குகளும் சேர்ந்து பூட்டப்பட்டால், அது விற்பனை அன்று; பணயம் பிடித்தல். மென்பொருள் ஆக்கியோனுடையது, அதில் எழுதிய கணக்கோ வணிகருடையது. புதிய பதிவுகளை மறுக்கலாம்; பழையவற்றைப் படிக்கவும், அச்சிடவும், வெளியே எடுத்துச் செல்லவும் வழி திறந்திருத்தல் வேண்டும். இந்நிபந்தனைகள் யாவும் முதல் நாளிலேயே தெளிவாகக் கூறப்படல் வேண்டும்.

சோதிப்போர்க்கும் கடமை உண்டு. நாள்தோறும் பயன்கொண்டு, தவணை கடந்தும் கட்டணத்தைத் தவிர்ப்பது சுவைபார்த்தல் ஆகாது. கீற்றுக்கு விலையில்லை, பழத்துக்கு உண்டு.