கோட்டை மொழியும் தீவு மொழியும்: நடுவில் நம் தமிழ்

(மெர்கோங்கில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலாம் ஆண்டுப் பதிவு நெருங்கினால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் போடுவதா, தேசியப் பள்ளியில் போடுவதா? அப்போது ஒருவர் சொல்வார்: "எட்டுக் கோடிப் பேர் பேசுகிற தமிழ் எங்கே அழியப் போகிறது?" இன்னொருவர் சொல்வார்: "அரசாங்கம் தூக்கிப் பிடிக்காத மொழி எப்படியும் நிற்காது." இந்த இரண்டு பேச்சும் சரிதானா? இரண்டு நாடுகளைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் பூட்டான். இமயமலையில் உள்ள சின்ன நாடு. அதன் தேசிய மொழி ஸோங்கா. 'ஸோங்' என்றால் கோட்டை, 'கா' என்றால் மொழி. கோட்டையில் பேசப்பட்ட மொழி, அதாவது ஆட்சியின் மொழி. திபெத்திய எழுத்தில் எழுதுகிறார்கள். தாய்மொழியாகப் பேசுவோர் இரண்டு இலட்சம்கூட இல்லை. ஆனால் நாணயத்தில் அது இருக்கிறது, அரசியலமைப்பில் இருக்கிறது, அதை வளர்க்க அரசு 1986-இல் தனி ஆணையமே அமைத்தது.

அடுத்தது பிலிப்பைன்ஸ். செபு, போஹோல் தீவுகளிலும் மின்டனாவோவின் பெரும்பகுதியிலும் பேசுவது செபுவானோ. ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரின் தாய்மொழி. 1937-இல் தேசிய மொழிக்கு அடிப்படையாகத் தகாலோக் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, செபுவானோ பேசியோர் அதற்குக் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் தலைநகரின் மொழி தகாலோக். அதுவே வென்றது.

செபுவானோ நமக்கு அவ்வளவு அந்நியமும் அல்ல. அது மலாய்க்கு உறவு மொழி. கண்ணுக்கு 'மாத்தா', ஐந்துக்கு 'லீமா', வானத்துக்கு 'லாஙிட்' என்பார்கள். ஆனால் வாக்கியத்தில் வினைச்சொல் முன்னால் வரும்: "சாப்பிட்டேன் நான் சோறு." ஸோங்கா நம்மைப் போல: "நான் சோறு சாப்பிட்டேன்." மரியாதைக்கு நாம் 'ங்க' சேர்ப்பதுபோல அவர்கள் 'லா' சேர்ப்பார்கள். நம் ஊர் 'லா' அல்ல, அது மரியாதை 'லா'!

சரி, கோட்டை உள்ள மொழி நிம்மதியாக இருக்கிறதா? இல்லை. பூட்டான் பள்ளிகளில் கணிதம், அறிவியல் எல்லாம் ஆங்கிலத்தில். ஸோங்கா ஒரு பாடம் மட்டுமே. படித்த இளைஞர்கள் பலருக்கு அதில் எழுதுவதைவிட ஆங்கிலத்தில் எழுதுவதே சுலபம்.

கோட்டைக்கு வெளியே நின்றவர்களின் கதை இன்னும் கசப்பானது. தெற்குப் பூட்டானில் நேப்பாளி பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். 1989-இல் அவர்கள் மொழி பள்ளியிலிருந்து நீக்கப்பட்டது. 1958-இல் அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரமாக வரி ரசீது கேட்டார்கள். ரசீது இல்லாதவர் அந்நியர் ஆனார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நேப்பாள முகாம்களில் அகதிகளாகக் கிடந்தார்கள். பிறந்த மண்ணிலேயே சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த நம் தோட்டத்துப் பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். மொழியைப் பறிப்பதும் குடியுரிமையைப் பறிப்பதும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன!

செபுவானோவை அந்த இரண்டு கோடிப் பேர் காப்பாற்றினார்களா? வீட்டில், சந்தையில், வானொலியில் காப்பாற்றினார்கள். பள்ளியில் முடியவில்லை. 2012-இல்தான் முதல் மூன்று வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வி நாடு முழுவதும் வந்தது. 2013-இல் சட்டமானது. 2024 அக்டோபரில் இன்னொரு சட்டம் அதன் கட்டாயத்தை நீக்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இணையத்தில் செபுவானோ விக்கிப்பீடியாவில் அறுபது இலட்சம் கட்டுரைகளுக்கு மேல் உள்ளன. பெரும்பாலானவற்றை எழுதியது ஒரு சுவீடன்காரரின் கணினி நிரல். எழுத இயந்திரம் இருக்கிறது, வகுப்பறைதான் இல்லை!

இப்போது நம் நிலைக்கு வாருங்கள். நமக்குக் கோட்டையும் இல்லை, அந்த எண்ணிக்கையும் இல்லை. ஆனால் அந்த இருவரிடமும் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: முழு ஆறு ஆண்டுத் தமிழ்வழித் தொடக்கக் கல்வி. சிங்கப்பூரில்கூட தமிழ் ஒரு பாடம் மட்டும்தான்.

இது சும்மா வந்ததா? கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழி என்கிறது. பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. ஆனாலும் 1961 கல்விச் சட்டம் தமிழ்ப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சர் கையில் கொடுத்திருந்தது. அந்த விதி 1996 சட்டத்தில்தான் இல்லாமல் போனது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தள்ளியது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

நீதிமன்றம் பள்ளியைக் காக்கலாம், வகுப்பறையில் பிள்ளையை உட்கார வைக்க அதனால் முடியாது. 1957-இல் 880-க்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-ஐ ஒட்டி நிற்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டது, லயம் காலியானது, மக்கள் மெர்கோங் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு வந்தார்கள். பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே தனியாக நின்றது. 150 மாணவருக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி'. பிறகு மூடும் பேச்சு.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் பதியுங்கள். மலாயும் ஆங்கிலமும் அங்கேயும் உண்டு, நன்றாகப் படிக்க வையுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு இரவு ஷிப்ட் முடிந்த களைப்பிலும் ஒருவராவது போங்கள்: பள்ளி முழு உதவி பெறுகிறதா, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாவது, வீட்டில் தமிழ் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்'. மலாயில் 'கீத்தா', 'காமி'. செபுவானோவிலும் அதே இரண்டு சொற்கள், அதே வேறுபாடு! இந்த நாடு நம்மிடம் பேசும்போது 'காமி' அல்ல, 'கீத்தா' என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் முதலில் நம் பிள்ளைக்கு 'நாம்' என்ற சொல் தெரிந்திருக்க வேண்டும்.