போகித் தீயில் இடத் தக்கது எது?



பொங்கற்கு முதல்நாள் வைகறையில் நம் முன்னோர் எரித்தவை கிழிந்த பாய், நைந்த முறம், தேய்ந்த துடைப்பம். யாவும் புல்லும் ஓலையுமே. நாம் எரிப்பனவோ வண்டிகளின் உருளிப்பட்டைகள், நெகிழிப் பைகள்! பனிக்காலக் காற்று அசைவற்றுக் கிடத்தலின், அப்புகை மேலெழாது நிலத்திலேயே படிகின்றது. 2018 போகியன்று, புகைமூட்டத்தால் சென்னையில் இறங்கவியலாத வானூர்திகள் வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டன. வானூர்தி திரும்பிப் போகலாம்; தொட்டிலிற் கிடக்கும் குழவி எங்கே போகும்?

ஆலைப்புகையை ஆண்டு முழுதும் பழிக்கும் நாம், அவ்வொரு நாள் நாமே ஆலையாகின்றோம். என் மகன் பழைய உருளிப்பட்டையொன்றைத் தெருத்தீக்கு உருட்டிச் சென்றபோது, தமிழாசிரியனாகிய நானும் வாளாவிருந்தேன்.

வரும் போகிக்கு முன்னாள் மாலை, அவற்றைப் பள்ளி வாயிலிற் கொணர்ந்து சேர்ப்பியுங்கள். மாணவரோடு நிற்பேன், துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படைப்போம். பாயை மட்டும் கொளுத்துங்கள்.