அடுத்த வீட்டுச் சத்தம்

 

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கூடாரத்திலும் தற்காலிகக் கொட்டிலிலும் காலம் கழித்து, இப்போது கல் வீட்டுக்கு வருகிறீர்கள். முகாமில் ஒரு குடும்பச் சண்டை பத்துக் குடும்பத்துக்குக் கேட்டது. அது வெட்கம்தான். ஆனாலும் பக்கத்து மூத்தம்மா ஒருவர் எட்டிப் பார்த்து அதட்ட முடிந்தது. இனிக் கதவைச் சாத்தினால் வெளியே தெரியாது. அயலவரும் புதியவர்கள். ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றே: அடுத்த வீட்டில் ஒரு பெண் அடிபடும் சத்தம் கேட்டால், "அது அவங்கட குடும்ப விசயம்" என்று இருந்துவிடாதீர்கள்.

வலையும் தோணியும் தொழிலும் இழந்த கவலை உண்மைதான். அந்தக் கவலை மனைவிக்கும் உண்டு. கவலை இருப்பது அடிப்பதற்கு அனுமதி அல்ல.

என்ன செய்யலாம்? இந்தியாவில் 2008 இல் 'பெல் பஜாவோ' என்றொரு பிரசாரம் தொடங்கியது. 'மணியை அடி' என்பது அதன் பொருள். சத்தம் கேட்டால் ஏதாவது சாட்டுச் சொல்லி அந்த வீட்டு அழைப்பு மணியை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நாமும் செய்யலாம். "ராத்தா, கொஞ்சம் சீனி இருக்கா?" என்று கூப்பிட்டாலே ஓங்கிய கை இறங்கக்கூடும். தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள். கத்தி, பொல்லு இருந்தால் கிட்டப் போகாமல் 119க்கு அழையுங்கள். பிறகு அந்தப் பெண்ணிடம் தனியாகக் கதையுங்கள். அவர் சொன்னதை ஊர்க் கதையாக்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் தாமாகவோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாட்கள் வரை இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரையான கட்டளையும் கிடைக்கலாம். அடிப்பவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் நீதவான் உத்தரவிடலாம். இது விவாகரத்து வழக்கல்ல. காதி நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காயம் இருந்தால் முதலில் வைத்தியசாலைக்குப் போய், காயம் எப்படி ஏற்பட்டது என்று வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தக் கரையோரத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடிப்போம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆனால் சுனாமிக்குப் பின், 'குடும்பத் தலைவர்' என்று பல வீடுகள் ஆண்களின் பெயரில் எழுதப்பட்டன. "வெளியே போ" என்ற சொல்லுக்குப் பயந்தே அடியைத் தாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். மகளுக்கும் மனைவிக்கும் உரியதை அவர்கள் பெயரில் எழுதக் கேளுங்கள்.

இந்தக் கிழமையே உங்கள் ஒழுங்கையில் நான்கு வீட்டார் தொலைபேசி இலக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். இரவில் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தாரும் மாதர் சங்கத்தாரும் இதற்குத் துணை நிற்க வேண்டும்.

இங்கே எல்லார் முன்னும் கேட்க முடியாத கேள்வி இருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்கள் பெண் உத்தியோகத்தரிடம் தனியாகக் கதைக்கலாம். அவர் கடைசி ஆள் போகும்வரை இருப்பார்.