பட்டியலில் இல்லாத குழந்தை

கடைசி இரண்டு வரிசைகளில் அமர்ந்திருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் முன்னால் வந்து உட்காரலாம். இன்று பேசப்போவது பெரும்பாலும் உங்கள் வேலையைப் பற்றித்தான்.

பேரிடர்க் காலத்தில் குழந்தைகளுக்கான நிவாரணம், அதன் திட்டமிடலும் கண்காணிப்பும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துப் பார்த்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் திட்டமிடல் முதல் பக்கத்திலும் கண்காணிப்பு கடைசிப் பக்கத்திலும் இருக்கிறது. இந்த வரிசையை மாற்றிப்போட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. எத்தனை பால் பவுடர் டின் கொடுத்தோம், எத்தனை போர்வை, எத்தனை ஊசி என்ற கணக்கு எந்த முகாமிலும் கிடைக்கும். எந்தக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் இருக்காது. மொத்தம் எத்தனை குழந்தைகள் என்பது தெரியாமலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சென்றடைந்தோம் என்று எழுதிவிடுகிறோம். கணக்கெடுப்புக்குப் பிறகு ஊருக்குள் வந்து சேர்ந்த குடும்பங்களால் சில இடங்களில் அது நூற்றைந்து விழுக்காடாகவும் ஆகிவிடும். நூறைத் தாண்டிய விழுக்காட்டைப் பார்த்துக் கைதட்டிய கூட்டங்களும் உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் கரையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று தமிழ்நாட்டில் இறந்தவர்களில் பெரும்பங்கினர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். ஆறாயிரம் பேருக்கு மேல். பெண்களும் குழந்தைகளும் அதில் மிகுதி. அடுத்த சில நாட்களில் நாடெங்கிலுமிருந்து லாரிகள் வந்தன. வந்ததை ஊருக்குள் பிரித்துக் கொடுத்தது யார்? மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்துதான். அவர்கள் இல்லாவிட்டால் அந்த முதல் வாரம் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப்பார்க்கவே முடியவில்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்த பட்டியல் எது என்பதைக் கவனியுங்கள். அது வரிக்காரர் பட்டியல். திருமணமாகி ஊருக்கு வரி கட்டும் ஆண்தான் அதில் ஒரு கணக்கு. ஊர்த் திருவிழாச் செலவைப் பங்கிடவும் ஊர்ப் பொதுக் காரியங்களை நடத்தவும் போட்ட பட்டியல் அது; அந்த வேலைக்குப் பொருத்தமானதுதான். கணவனை இழந்தவள் தலைமையில் நடக்கும் வீடு அதில் பல ஊர்களில் அரைக் கணக்கு, சில இடங்களில் கணக்கே இல்லை. அந்த வீட்டில் இருந்த நான்கு வயதுப் பிள்ளைக்கும் அதே கதிதான்.

மீனவக் குப்பத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும், கரையோரத்தில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும் மீனவர் அல்ல என்பதால் ஒரு பட்டியலிலும், வீடு இடியவில்லை என்பதால் இன்னொரு பட்டியலிலும் சேராமல் போனார்கள். இது பின்னால் பல அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. பின்னால் என்பதுதான் என் வருத்தம். முதல் மாதத்திலேயே யாராவது ஒருவருக்கு, இந்த ஊரில் பட்டியலில் இல்லாத பிள்ளைகள் யார் என்று விசாரிப்பதே வேலையாக இருந்திருந்தால், அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2005 ஜனவரி தொடக்கத்திலேயே நாகப்பட்டினத்தில் சினேகா அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கி, ஆட்சியர் அலுவலகத்தோடு இணைந்து துறைவாரியாக வேலையைப் பிரித்தார்கள். ஐ.நா. அமைப்புகள் துறைவாரிக் குழு முறையை முதன்முதலாகக் களத்தில் பயன்படுத்தியது அதே ஆண்டு அக்டோபரில், பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்குப் பிறகு. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை, காலவரிசையை மட்டும் சொல்கிறேன். பெற்றோரை இழந்த பிள்ளைகளை உடனே தத்தெடுக்க வந்தவர்களைத் தமிழ்நாடு அரசு அனுமதிக்கவில்லை. நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரியில் அரசே காப்பகம் திறந்தது. அப்போது அதைக் கல்நெஞ்சம் என்று சொன்னவர்கள் உண்டு. அது எவ்வளவு சரியான முடிவு என்பது 2007-இல் சாட் நாட்டில் தெரிந்தது. பிரான்ஸ் நாட்டுக் குழு ஒன்று சூடானின் டார்ஃபூர் பகுதி அநாதைகள் என்று சொல்லி 103 குழந்தைகளை விமானத்தில் ஏற்ற முயன்றது. விசாரித்தபோது 91 பிள்ளைகள் தாய், தந்தை அல்லது பெற்றவர் நிலையில் இருந்த பெரியவர் ஒருவரோடு வாழ்ந்தவர்கள் என்று தெரியவந்தது. பிள்ளையின் பெயருக்கு எதிரே அநாதை என்று எழுதுவது ஒரு நிமிட வேலை. விசாரித்து அதை அடிப்பதற்கு மாதங்கள் ஆகின்றன.

இப்போது தட்டம்மைக்கு வருகிறேன். இளம் ஆய்வாளர்கள் இதைக் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும்.

முகாமில் நெருக்கியடித்து வாழும் குழந்தைகளுக்குத் தட்டம்மை எமன். அதனால் எந்த அவசரகாலத் திட்டத்திலும் முதல் வாரத்திலேயே தட்டம்மைத் தடுப்பூசி இருக்கும், கூடவே வைட்டமின் ஏ-யும். சுனாமி வந்த மூன்றாம் நாளே, டிசம்பர் 29-இல், தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். உலகத்தில் எத்தனை அரசுகளால் இந்த வேகம் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. வயது வரம்பு ஆறு மாதம் முதல் அறுபது மாதம். அதற்கு முன்பே ஒரு தவணை ஊசி போட்டவர்கள் தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேல் இருந்த மாநிலம் இது. காகிதத்தில் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. மறுநாளே கடலூர் மாவட்டத்திலிருந்து தட்டம்மை பரவுவதாகத் தகவல் வந்தது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஊர் ஊராகப் போய் நோய் கண்ட பிள்ளைகளைத் தேடி, வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சுனாமிக்குப் பிறகு நோய் கூடுதலாகப் பரவியது 61 முதல் 120 மாத வயதுப் பிள்ளைகளிடம். அதாவது ஊசி வரம்புக்கு ஒரு மாதம் தள்ளி இருந்தவர்களிடமிருந்து தொடங்கி.

போட்ட ஊசிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்த இயக்கம் முழு வெற்றி என்று கோப்பை மூடியிருப்பார்கள். நோய் வந்த பிள்ளை யார், அவன் வயது என்ன என்று திருப்பிக் கேட்டதால்தான் வரம்பு போதவில்லை என்பது தெரிந்தது. ஆறு மாதம் முதல் பதினைந்து வயது வரை போட வேண்டும் என்று நிவாரணப் பணிக்கான தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு இன்றைக்குச் சொல்கிறது. ஒரு கையேடு எதையும் சொல்லட்டும். நம் ஊரில் எந்த வயதில் ஓட்டை இருக்கிறது என்பதை நம் ஊர்க் கணக்குதான் சொல்லும். இன்று மதியம் தடுப்பூசி பற்றிய அமர்வு இருக்கிறது. வயதைப் பிரிக்காமல் அட்டவணை போட்டிருப்பவர்கள் இடைவேளையில் அதைத் திருத்திக்கொண்டு வந்தால் மகிழ்வேன்.

கொடுத்ததைக் கணக்கிடுவதால் வரும் தீங்கு சில வேளைகளில் நேரடியானது. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலநடுக்கம். இரக்கத்தால் பால் பவுடர் டின்கள் குவிந்தன, வீடு வீடாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் கணக்கில் ஒவ்வொரு டின்னும் ஒரு வெற்றி. பின்னர் ஆராய்ந்தபோது, தானமாக வந்த பால் பவுடர் பெற்ற குழந்தைகளில் வயிற்றுப்போக்கு 25.4 விழுக்காடு, பெறாதவர்களில் 11.5. காரணம் சொல்ல மருத்துவர் வேண்டியதில்லை. தண்ணீர் சுத்தமில்லை, பாட்டிலைக் கொதிக்கவைக்க அடுப்பில்லை, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவளிடமும் டின்னைக் கொடுத்தாகிவிட்டது. இந்தியாவில் 1992-லேயே தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகள் பற்றிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு புயலுக்கும் லாரியில் ஏறும் முதல் பொருள்களில் டின் ஒன்று. கொடுப்பவரின் மனம் நிறைகிறது, படமும் நன்றாக வருகிறது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. நிவாரணப் பொருள் வாங்கும் இடத்தில் நிற்கும் அலுவலருக்கு, இதை இறக்காதே என்று சொல்லும் அதிகாரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறோமா என்று கேட்கிறேன். அதுவும் திட்டமிடல்தான்.

அடுத்தது காலம். எப்போது செயல்பட வேண்டும் என்பதை ஓர் எண்ணிடம் ஒப்படைத்திருக்கிறோம். பஞ்சம் என்று அறிவிக்க, ஐந்து குடும்பங்களில் ஒன்று உணவே இல்லாத நிலையில் இருக்க வேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு முப்பது பேர் ஊட்டச்சத்துக் குறைவால் மெலிந்திருக்க வேண்டும், பத்தாயிரம் பேருக்கு நாளுக்கு இரண்டு பேர் இறந்துகொண்டிருக்க வேண்டும். வகைப்படுத்த இது நல்ல அளவுகோல். மணியடிக்க இது ஆகாது, ஏனென்றால் இறந்தவர்களை எண்ணித்தான் இதை நிறைவேற்ற முடியும். தெற்கு சோமாலியாவில் 2010-இன் பிற்பகுதியிலிருந்தே எச்சரிக்கைகள் வந்தபடி இருந்தன. அறிவிப்பு 2011 ஜூலை 20-இல் வந்தது. பின்னர் நடந்த ஆய்வின் மதிப்பீட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 2,58,000 பேர், அதில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் 1,33,000. ஏறக்குறைய பாதிப்பேர் அந்த அறிவிப்புக்கு முன்பே போய்விட்டார்கள். தகவல் இல்லாமல் அல்ல, தகவல் வந்தால் யார், எந்த நாளில், எந்தப் பணத்தை எடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது முடிவாகாமல். ஆயுதக் குழுவான அல்-ஷபாபின் கட்டுப்பாடும் உதவி தரும் நாடுகளின் சட்டத் தயக்கங்களும் இதில் பெரும் காரணங்கள். அவற்றைக் கருத்தரங்கால் தீர்க்க முடியாது. ஆனால் இந்த அளவு வந்தால் இந்தச் செயல் என்று முன்பே கட்டிவைப்பதை நாம் செய்யலாம்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பதிவேடு இருக்கிறது. பேரிடருக்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எடையும் எழுதப்பட்டிருக்கும் நாடுகள் அதிகமில்லை. வெளிநாட்டு நண்பர்கள் இதைக் கேட்டுப் பொறாமைப்படுவார்கள். வரிக்காரர் பட்டியலில் இல்லாத விதவையின் பிள்ளை இந்தப் பதிவேட்டில் இருப்பான். ஆனால் அலையோடு கட்டடம் போனால் பதிவேடும் போகும். இப்போது எல்லாம் அங்கன்வாடிகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் இருக்கிறது என்பீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்களும் செல்பேசிக் கோபுரங்களும் சாய்ந்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் எத்தனை என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் முதல் வாரத்தில், ஊர்வாரியாகப் பிள்ளைகளின் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு, மேட்டுப் பகுதியிலுள்ள ஏதாவது ஒரு பள்ளியில் பூட்டிவைப்பதற்கு ஆகும் செலவு ஒரு வேளைத் தேநீர்ச் செலவு. அந்தத் தாளில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை யார், அவனைத் தூக்கிக்கொண்டு ஓட யார் இருக்கிறார்கள் என்பதும் இருக்க வேண்டும்.

பதிவேட்டிலும் விடுபடுகிறவர்கள் உண்டு. செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்தின் பிள்ளை, பருவ வேலைக்காக ஊர் மாறிய உப்பளத் தொழிலாளியின் பிள்ளை, பள்ளியை விட்டு நின்ற பதினான்கு வயதுப் பெண். ஆறு வயதுக்கு மேல் பதினெட்டுக்குள் இருப்பவர்களை நம் ஏற்பாடுகள் அநேகமாக மறந்தே போகின்றன. முகாமில் அந்தப் பெண்ணுக்குக் கழிப்பறைக்கு வெளிச்சம் இருக்கிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்கும் படிவத்தை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

படிவம் என்றதும் முன் வரிசைக்கு வந்திருக்கும் அம்மாக்கள் சிரிக்கிறீர்கள். சிரிப்பின் பொருள் புரிகிறது. புயல் நேரத்தில் வருவாய்த் துறைக்கு ஒன்று, சுகாதாரத் துறைக்கு ஒன்று, தொண்டு நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று ஒரே பிள்ளையின் பெயரை எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள் நீங்கள். கண்காணிப்பு வேண்டும் என்று நான் கேட்பது இன்னொரு படிவத்தை அல்ல. குறைவாக, ஆனால் அன்றாடம் பார்த்து அன்றே எதையாவது மாற்றக்கூடிய கேள்விகளை. மேற்கையின் நடுப்பகுதியைச் சுற்றிப் பிடிக்கும் வண்ண நாடா 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பைக் காட்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள்ளான பிள்ளைக்கு அது உடனடி சிகிச்சைக்கான அடையாளம். நைஜர் நாட்டில் இந்த நாடாவைத் தாய்மார்களிடமே கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் அளவுக்கு அவர்களாலும் அளக்க முடிந்தது. அறிக்கை மேலே போவதற்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. இங்கே ஏன் கூடாது என்பதை நாளைக் காலை ஊட்டச்சத்து அமர்வில் யாராவது சொல்ல வேண்டும். கூடாது என்பதற்குக் காரணம் இருந்தால் அதையும் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

இந்த இரண்டு நாளில் ஒவ்வொரு கட்டுரையாளரிடமும் அமர்வுத் தலைவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் அட்டவணையின் மொத்த எண் எங்கிருந்து வந்தது? குடும்ப அட்டையிலிருந்தா, வாக்காளர் பட்டியலிலிருந்தா, முகாம் வருகைப் பதிவிலிருந்தா? அதற்கு வெளியே இருப்பவர்களை யார் தேடினார்கள்? பதில் இல்லாவிட்டால் கட்டுரையை நிராகரிக்க வேண்டாம், அந்த இடத்தைக் காலியாகவே விட்டு அச்சிடலாம். கருத்தரங்கத் தொகுதியில் அப்படிப்பட்ட காலி இடங்கள் எத்தனை இருக்கின்றன என்பதைப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அனுப்பும் குறிப்பின் முதல் பத்தியாக வைக்க அமைப்பாளர்கள் இசைந்திருக்கிறார்கள்.

முதல் அமர்வு முகாம் கணக்கெடுப்பு பற்றியது. அதன் தலைவரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.