கடலின் நோன்புக் காலம்



ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கின்றன. மீனினம் பெருக வேண்டும் என்பதற்காக வந்த தடை இது. தவக்காலத்தை நாம் முடிக்கும் வேளையை ஒட்டி, கடற்கரை இல்லங்களில் இன்னொரு நோன்பு தொடங்குகிறது.

கடலுக்கு ஏன் இந்த ஓய்வு? கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் கதிரவனின் ஒளியை உணவாக்குகின்றன. அவற்றை மிதவை உயிரிகள் உண்கின்றன; அவற்றைச் சிறுமீன்கள் உண்கின்றன; சிறுமீன்களை வஞ்சிரம் உண்கிறது. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்குச் சேர்கிறது. மற்றது நீந்துவதிலும் வெப்பமாகவும் செலவாகிவிடுகிறது. அப்படியானால், நம் குழம்புச் சட்டிக்கு வரும் 1 கிலோ வஞ்சிரத்துக்குப் பின்னால் சுமார் 10 கிலோ சிறுமீன், 100 கிலோ மிதவை உயிரிகள், 1000 கிலோ பாசி இருக்கின்றன. செலவான ஆற்றல் திரும்பி வருவதில்லை. அன்றாட உணவுக்காக நாம் மன்றாடுவதுபோல, கடலும் கடவுள் அன்றன்று தரும் ஒளியில்தான் வாழ்கிறது.

இந்தப் பந்தியில் நாம் செய்வது என்ன? கண்ணி சிறுத்த இழுவைமடி கடலடியை வாரி வரும்போது குஞ்சு மீன்களும் சேர்ந்து வருகின்றன. அவை சங்காயமாகக் காய்ந்து கோழித்தீவனமாகின்றன. மன்னார் வளைகுடாவில் கடற்பசு மேயும் கடற்புல் படுகைகளும் கிழிபடுகின்றன. ஏணியின் அடிப்படிகளை உடைத்துவிட்டு, மேற்படியில் மீன் இல்லையே என்று வருந்துகிறோம்.

கூட்டில் குஞ்சுகளோடு தாய்ப்பறவையைக் கண்டால் தாயைப் போகவிட வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம். எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. மூலத்தை அழிக்க உரிமை இல்லை. கடலின் தடைக்காலம் சொல்வதும் இதையே.

ஆனால், இந்த நோன்பின் பசியைச் சுமப்பவர் யார்? படகில் கூலிக்குச் செல்லும் தொழிலாளியும் அவர் வீட்டு அடுப்பும்தான். அவரைக் குற்றம் சொல்வது எளிது. மலிவு விலை தேடும் நமக்கும் அந்த மடியில் பங்கு உண்டு. பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க முடியாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் நமக்கு உணர்த்தினார்.

எனவே, இந்த இரண்டு மாதங்களில் நாமும் நோன்பிருப்போம். குஞ்சு மீன்களை வாங்காதிருப்போம். நாட்டுப்படகு மீனைக் கூடையில் கொண்டுவரும் அம்மாவிடம் பேரம் பேசாதிருப்போம். வேலையின்றி இருக்கும் குடும்பத்துக்கு நம் அன்பியம் வழியாக அரிசி கொண்டு செல்வோம்.

ஐயாயிரம் பேர் வயிறார உண்ட பின்பும், எதுவும் வீணாகாதபடி மிஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார் இயேசு. அவருடைய பந்தியில் அமரும் நாம், அவருடைய கடலையும் அவ்வாறே பேணும் வரம் கேட்போம். ஆமென்.