அடித்தது தெரியட்டும்

வெளியே போன எழுத்தை எழுதியவரே பிறகு மாற்றலாமா என்று கேட்கிறார்கள். மாற்றலாம். யார் சொல்லி மாற்றுகிறோம், யாருக்குத் தெரியாமல் மாற்றுகிறோம் என்பதில்தான் எனக்குத் தகராறு.

லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் 1936இல் நடக்கவிருந்த தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. சாதியை ஒழிக்கக் கிளம்பிய சாதி இந்துக்களின் அமைப்பு. உரையைப் படித்ததும் அவர்களுக்கு உதறல் எடுத்துவிட்டது. வேதத்தையும் சாஸ்திரத்தையும் தொடுகிற பகுதியை வெட்டச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாடு நின்றுபோனது. தானே செலவுசெய்து அச்சிட்டார். 1500 பிரதிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன.

பிடிவாதக்காரர்னு சொல்லி நம்ம ஆளுங்க இதோட கதையை முடிச்சிடுறாங்க. அப்புறம் நடந்ததையும் பாருங்க.

1937இல் இரண்டாம் பதிப்பு. நடக்காத கூட்டத்துக்கு எழுதிய பேச்சுதானே, கட்டுரையாக மாற்றிவிடுங்கள் என்றார்கள். பேச்சாகவே விட்டார். அதற்குள் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் மறுத்து எழுதியிருந்தார். உரைக்குள் அங்கங்கே கை வைத்து, காந்தியின் கேள்விக்கு முதலிலேயே பதில் இருந்ததுபோல் ஆக்கியிருக்கலாம். ஆக்கவில்லை. காந்தி எழுதியதைப் பின்னிணைப்பாகப் போட்டு, அடுத்ததாகத் தன் பதிலை வைத்தார். எதிராளியின் எழுத்துக்குத் தன் புத்தகத்திலேயே இடம் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? யார் முதலில் என்ன சொன்னார் என்று இன்றைக்கும் நாம் வரிசையாகப் படிக்க முடிகிறதே, அதனால்தான்.

நான் பிழைக்கிற வங்கியிலும் இதுதான் முறை. பேரேட்டில் தப்பான எண்ணைச் சுரண்டக் கூடாது. ஒரே கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் சுருக்கொப்பம். இப்போ கணினி வந்தாச்சு. அப்பவும் தப்புப் பதிவு அப்படியே நிக்கும், எதிர்ப்பதிவுதான் போடணும்.

காவல் நிலையத்துக்கு வாங்க. சேரியிலிருந்து போன ஒருத்தர் வாயால் சொல்வதை அங்கே இன்னொருவர் எழுதுகிறார். ‘சாதி சொல்லித் திட்டினான்’ என்பது தாளில் ‘வாய்த்தகராறு’ ஆனால் வழக்கே வேறு. எழுதியதைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 1995 வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 5ஆம் விதி சொல்கிறது. அங்கே திருத்தும் உரிமை சொன்னவருக்குத்தான். கையெழுத்துக்கு முன்னால் கேட்டுத் திருத்தணும். பிறகு ஞாபகம் வந்ததைத் தேதி போட்டுத் தனி மனுவாகக் கொடுக்கணும்.

நம் சிற்றிதழ்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொகுப்பு போடும்போது பழைய வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடாதீர்கள். முதலில் எப்படி வந்தது, எந்த ஆண்டு மாறியது என்று பக்கத்தின் அடியில் போடுங்கள்.