உண்ணும் உணவும் ஊரின் நீர்வளமும்

உணவு என்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் நாட்டின் நிலம், நீர், காற்று ஆகிய மூன்றையும் ஒருங்கே பாதிக்கக் கூடியது உணவுப் பழக்கம். ‘சயன்ஸ்’ ஆய்விதழில் போர், நெமெசெக் ஆகிய இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுபடுத்திற்று. உலகின் வேளாண் நிலத்தில் ஏறத்தாழ 83 விழுக்காடு இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவற்றுக்காகப் பயன்படுகிறது. ஆனால் மக்கள் பெறும் கலோரியில் 18 விழுக்காட்டையும் புரதத்தில் 37 விழுக்காட்டையும் மட்டுமே அவை அளிக்கின்றன.

இதன் காரணம் எளிது. தீவனத்தில் அடங்கிய சக்தியின் பெரும்பகுதியைக் கால்நடை தன் உடல் வெப்பத்துக்கும் இயக்கத்துக்கும் செலவிட்டு விடுகிறது. எஞ்சியதே பாலாகவும் இறைச்சியாகவும் மாறுகிறது. அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் உண்டாகும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைத் தேக்க வல்லது. நீர்க் கணக்கும் இதனையே கூறுகிறது. உலகச் சராசரியில் ஒரு கிராம் புரதம் பெற, பருப்பு வகைகளுக்கு 19 லிட்டர் நீர் தேவை. பாலுக்கு 31 லிட்டர், கோழி இறைச்சிக்கு 34 லிட்டர், ஆட்டிறைச்சிக்கு 63 லிட்டர் தேவை.

சித்தூர் வட்டாரத்தின் நிலை

இந்த உலகக் கணக்கு, 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்துக்கும், 2022 ஏப்ரலில் தனி மாவட்டமான திருப்பதிக்கும் எவ்வாறு பொருந்தும் என்பதே கேள்வி. ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு இப்பகுதியில் இல்லை. சுவர்ணமுகி மழைக்காலத்தில் பெருகி, கோடையில் மணலாகக் காட்சி தரும் ஆறு. ஏரிகள் வற்றிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகளே பயிரைக் காக்கின்றன. மானாவாரி நிலங்களில் நிலக்கடலையே முக்கியப் பயிர். மழை பொய்த்துக் கடலை கருகும் ஆண்டில், சிறு விவசாயியின் அடுப்பு எரிவது கறவை மாட்டினால்தான். ஆகவே, பாலைக் கைவிடுக என்று கூறுவோர் அக்குடும்பத்தின் வருவாய்க்கும் வழி கூறக் கடமைப்பட்டவர்கள்.

கால்நடை வளர்ப்பு முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. கடலைக் கொடியும் வைக்கோலும் மனிதர் உண்ண இயலாதவை. அவற்றைத் தின்று பால் தரும் மாடு, மனித உணவுடன் போட்டியிடுவதில்லை. இம்மண்ணுக்கே உரிய புங்கனூர்க் குட்டை இனம் சொற்பத் தீவனத்தில் வாழக் கூடியது. ஆனால் ஆழ்குழாய் நீர் பாய்ச்சிப் பசுந்தீவனம் பயிரிடும்போதும், மக்காச்சோளமும் சோயாவும் கோழித் தீவனமாகும்போதும் மனிதருக்கு உணவு விளைவிக்கக் கூடிய நிலமும் நீரும் கைமாறுகின்றன.

எந்தத் தாவர உணவு?

மரக்கறி உணவு என்ற பெயர் மட்டும் போதுமானதன்று. நிலத்தடி நீரை இறைத்து விளைவிக்கும் நெல்லும் தாவரமே. தேங்கிய நீரில் நிற்கும் நெல் வயலும் மீத்தேனை வெளியிடுகிறது. இதற்கு மாறாக, ராயலசீமை மக்கள் சங்கடி என்று போற்றும் கேழ்வரகுக் களிக்கான தானியம் மானாவாரியிலேயே விளையும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. துவரை, கொள்ளு, நிலக்கடலை ஆகியவை புரதம் தருவதுடன், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கவும் துணைபுரிகின்றன. வைட்டமின் பி12 மட்டும் தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. எனவே பாலையும் முட்டையையும் அறவே நீக்குவோர் அதனை வேறு வழியில் பெறுதல் அவசியம்.

திருமலையின் அனுபவம்

பெருந்தொகையான மக்களுக்கு மரக்கறி உணவு அளிக்க இயலுமா என்ற ஐயத்துக்குத் திருமலையே விடை. 1985இல் நாள்தோறும் 2,000 பேருக்கெனத் தொடங்கிய அன்னதானத் திட்டம் இன்று பல்லாயிரவருக்கு உணவளிக்கிறது. இதற்கெனத் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரால் 2011இல் பெரிய கூடம் திறக்கப்பட்டது. இத்தகைய பந்திகளில் அரிசியுடன் சிறுதானியமும் பயறும் கூடுதலாக இடம் பெறுமாயின், அவற்றை விளைவிக்கும் மானாவாரி விவசாயிக்கு நிலையான சந்தை உருவாகும். ஆந்திர அரசு 2023 மார்ச்சில் பள்ளிகளில் கேழ்வரகுக் கஞ்சி வழங்கத் தொடங்கியது இத்திசையில் எடுத்த நல்ல முயற்சியாகும்.

செய்ய வேண்டுவன

பள்ளி, விடுதி, நியாயவிலைக் கடை ஆகியவற்றுக்கு வேண்டிய கேழ்வரகையும் பருப்பையும் கட்டுப்படியாகும் விலையில் அருகிலுள்ள கிராமங்களிலிருந்தே கொள்முதல் செய்தல் முதற்படி. தீவனத்துக்கென நிலத்தடி நீரை இறைப்பதைக் குறைத்து, பயிர்க் கழிவுகளைத் தீவனமாகப் பதப்படுத்தும் முறைகளைப் பரப்புதல் அடுத்த படி. உண்போரும் இறைச்சியைக் குறைத்துப் பயறு வகைகளைப் பெருக்கிக் கொள்ளலாம்.

வறியவரின் ஒற்றை மாட்டைப் பறித்துச் சுற்றுச்சூழலைக் காத்தல் இயலாது; அறமும் ஆகாது. கேழ்வரகும் துவரையும் மாட்டுக்கு இணையான வருவாயைத் தருமாறு செய்வதே திட்டமிடுவோரின் பொறுப்பு. அந்நிலை எய்தும்போது, உணவு மாற்றம் அறிவுரையாக நில்லாமல் மக்களின் வாழ்க்கை முறையாகவே மலரும்.